காரைக்குடியில் மிலிட்டரி குடும்பப் பென்ஷன் வேலைக்கு நான் போன சென்டர்

காரைக்குடிப் பக்கம் மிலிட்டரி குடும்பப் பென்ஷனுக்கு எழுதிப்போட யாரிடம் போவது என்று என்னிடம் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். புதுவயல், கண்டனூர், சாக்கோட்டை, பள்ளத்தூர் என்று எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் நிறைய. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் நான் போய்வந்த சென்டரைப் பற்றி நல்லது, குறை இரண்டையும் இங்கே விவரமாக எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாகப் போகலாம். வருகிற ஆளை மதிக்கிறார்கள், கொண்டுபோகிற காகிதத்தைப் படிக்கிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்த இடம் எனக்கு வேறு எங்கேயும் கிடைக்கவில்லை.

செக்காலை ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வெளியே பொதுச் சேவை மையம் என்று ஒரு நீல போர்டு மட்டும்தான். ஆட்டோக்காரரிடம் 'மிலிட்டரி அண்ணன் சென்டர்' என்றால் கொண்டுவந்து விடுவார். நடத்துகிறவர் ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், இப்போதே ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் போன் வருகிறதாம். அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். உதவிக்கு ஒரு பெண் இருக்கிறாள், அழகப்பாவில் பி.காம். முடித்தவள். பாதி வேலை அவள் கையில்தான் ஓடுகிறது.

என் வீட்டுக்காரர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் இருந்தவர். 1982இல் சேர்ந்து, 24 வருடம் முடித்து, 2006இல் அவில்தாராக வெளியே வந்தார். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற சென்டரில்தான் அவருக்கு டிரெயினிங். அந்தக் குரூப்பில் ஜவான்களைத் 'தம்பி' என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு வந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும் கூட இருந்தவர்கள் போன் போட்டால் 'என்ன தம்பி' என்றுதான் ஆரம்பிப்பார்கள். வந்த பிறகு புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் வாட்ச்மேன் வேலை பார்த்தார். 2025 ஆடி மாதம் நெஞ்சுவலி வந்து, காரைக்குடிக்குக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். 62 வயது. நான் வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறேன். மகன் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறான், மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம். பென்ஷன் நின்றால் மாதச் செலவுக்கு மகன் கையை எதிர்பார்க்க வேண்டும். எனக்கு அதில் இஷ்டமில்லை. அவர் பனியிலும் வெயிலிலும் நின்று சம்பாதித்துவிட்டுப் போன பணம் அது. எனக்குச் சேர வேண்டியது.

கருமாதி முடிந்ததும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பேங்குக்குத்தான் முதலில் போனேன். எந்த பேங்க் என்று எழுதப்போவதில்லை. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'அதெல்லாம் இப்ப எங்ககிட்ட இல்லம்மா, ஸ்பர்ஷ்ல போய்ப் பாருங்க' என்றார். ஸ்பர்ஷ் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு 'ஆன்லைன்' என்று ஒரே வார்த்தை. புருஷன் போய் ஒரு மாதம்கூட ஆகாத பொம்பளைக்கு அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்யத் தெரியும்? அடுத்து ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே மூவாயிரம் கேட்டார்கள். அரியர் வந்தால் அதில் நூற்றுக்குப் பத்து தனி என்றார்கள். ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் புக்கின் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றதும் எனக்கு மனசு கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை சொல்லித்தான் அண்ணன் சென்டருக்குப் போனேன்.

உள்ளே ஒரு நீள பெஞ்சு, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடம். சுவரில் என்னென்ன காகிதம் வேண்டும் என்று தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். என் முறை வந்ததும், 'உக்காருங்க தங்கச்சி. யூனிட் எது?' என்றார். அதுதான் முதல் கேள்வி. எம்.இ.ஜி. என்றதும், 'சாப்பர் வீடா' என்று சொல்லி (எஞ்சினியர் படை ஜவானைச் சாப்பர் என்பார்கள்), அவர் எந்த வருடம் வந்தார், எங்கெல்லாம் போஸ்டிங்கில் இருந்தார் என்று கேட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் காகிதம். என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு மனுஷர் நிதானமாகக் கேட்டது, அவர் போனபிறகு அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் எப்படிப் போனார் என்றுதான் கேட்டார்களே தவிர, எப்படி இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. டிஸ்சார்ஜ் புக்கை மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். அட்டை நைந்து, ஓரமெல்லாம் பொடிந்து போயிருந்தது. உள்ளே என் வீட்டுக்காரர் மீசை அரும்பின வயதில் எடுத்த போட்டோ, படை எண், சேர்ந்த தேதி, வந்த தேதி, நடத்தை 'எக்ஸம்ப்ளரி' என்று டைப் அடித்தது. அண்ணன் அந்த வார்த்தையில் விரலை நிறுத்தி, 'பாத்தீங்களா, சும்மா கெடைக்காது இது' என்றார். குடும்ப விவரம் எழுதின இடத்துக்கு வந்ததும் என் ஆதாரை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். பள்ளிக்கூட டி.சி. இருக்கிறதா என்றார். நல்லவேளை, தகரப்பெட்டியில் இருந்ததை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

ராணுவப் பதிவில் என் பெயர் மீனாள். அவர் கல்யாணம் ஆனதும் யூனிட்டில் எழுதிக் கொடுத்தது அப்படி. எங்கள் பக்கம் வீட்டில் கூப்பிடுகிற பெயரே அதுதானே. ஆதாரிலும் டி.சி.யிலும் மீனாட்சி. இது போதாது என்று பிறந்த வருடமும் இடித்தது. ராணுவப் பதிவிலும் டி.சி.யிலும் 1970, ஆதாரில் 1968.

மற்ற இடத்தில் எல்லாவற்றையும் ஆதாரில் இருக்கிறபடி மாற்றுங்கள் என்று ஒரே பேச்சாகச் சொல்லியிருப்பார்கள். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. பெயருக்கு ராணுவப் பதிவைத் திருத்தணும், வருடத்துக்கு ஆதாரைத் திருத்தணும் என்று பிரித்துச் சொன்னார். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், அதனால் டி.சி.யை வைத்துச் சரியாகச் செய்துகொள்ளச் சொன்னார். வருடத்துக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டேன். குடும்பப் பென்ஷன் வாங்குகிறவருக்கு 80 வயது ஆனால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயது என்றால் ஒரு மடங்கு கூடுதல். பதிவில் வருடம் தப்பாக இருந்தால் அந்தக் கணக்கு எல்லாம் தப்பும். 'நீங்க நூறு வருசம் இருக்கணும்ல தங்கச்சி' என்றார். நான் அன்றைக்குச் சிரித்தேன்.

இது ஏதோ என் ஒருத்தி கதை இல்லை. அன்றைக்கு பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேருக்கு இதே பிரச்சினை. அழகு என்று பதிவு, அழகம்மாள் என்று ஆதார். வள்ளி என்று பதிவு, வள்ளியம்மை என்று ஆதார். இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டது, புருஷன் பெயரைச் சேர்த்தது, சேர்க்காதது. எந்த ஊரிலோ இருந்த யூனிட் கிளார்க் நம் பெயரைக் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார். உயிரோடு இருக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. மிலிட்டரியில் இருந்து வந்த கணவர் வீட்டில் இருக்கிற பெண்கள் இதைப் படித்தால், இன்றைக்கே இருவரும் உட்கார்ந்து பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற காரியம்.

பெயர் திருத்தத்துக்கு நோட்டரி கையெழுத்தோடு அபிடவிட், ஆதார், பான், டி.சி., டிஸ்சார்ஜ் புக் நகல் எல்லாம் சேர்த்துக் கட்டு தயார் பண்ணிக் கொடுத்தார்கள். அது சிவகங்கை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகப் பெங்களூரு ரெக்கார்ட் ஆபீசுக்குப் போக வேண்டும். நம் ஊரில் அதை இன்னமும் சோல்ஜர் போர்டு என்றுதான் சொல்கிறோம். சிவகங்கையில் என்னை உட்கார வைத்து, கவரிங் லெட்டர் போட்டு அனுப்பினார்கள், அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எந்த யூனிட்டோ அந்த யூனிட்டின் ரெக்கார்ட் ஆபீஸ்தான் இதைச் செய்யும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத். ரெக்கார்ட் ஆபீசில் பார்ட் டூ ஆர்டர் என்று பதிவை மாற்றுகிற உத்தரவு போட்டு, அது பிரயாக்ராஜில் இருக்கிற பென்ஷன் அலுவலகத்துக்குப் போய், திருத்திய பிபிஓ வரும். தீபாவளி போய், கார்த்திகை போய், பொங்கலும் போனது. அந்தச் சமயம் கஷ்டம்தான். தையல் காசில்தான் ஓட்டினேன். ஆனால் ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் கட்டு எந்த மேசையில் இருக்கிறது என்று அந்தப் பெண் பார்த்துச் சொல்வாள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்பாள், நாளைக்கு வந்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டாள்.

இங்கே ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் பேங்க் வழியாகப் பென்ஷன் வந்தது, அதனால் பேங்கில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் மனைவிக்கு மாற்றிவிடுவார்கள். இப்போது ஸ்பர்ஷ் என்ற முறை வந்துவிட்டது. பிரயாக்ராஜில் திரௌபதி காட் என்ற இடத்தில் இருக்கிற ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்தில் இருந்து நேராக நம் கணக்குக்குப் பணம் வருகிறது. இறப்பைப் பதிவதும், மனைவி பெயரில் பென்ஷன் ஆரம்பிப்பதும் எல்லாம் அந்த இணையதளத்தில்தான். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்காகப் பொதுச் சேவை மையங்களையும் சில வங்கிகளையும் ஸ்பர்ஷ் சேவை மையங்களாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஸ்பர்ஷ் வேலைக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை, அந்தக் கூலியை ராணுவக் கணக்குத் துறையே மையத்துக்குக் கொடுத்துவிடும். என்னிடம் மூவாயிரம் கேட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் கொதிக்கிறது. எத்தனை பேர் கம்மலை அடகு வைத்துக் கொடுத்திருப்பார்களோ. அண்ணன் சென்டரில் ஜெராக்சுக்கும், டைப் அடிக்கவும், நோட்டரிக்கும்தான் காசு கொடுத்தேன். அதையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கூட்டிக் காட்டித்தான் வாங்கினார்கள்.

என் வீட்டுக்காரருடைய ஸ்பர்ஷ் பிபிஓ நம்பர் எழுதின காகிதம் வீட்டில் இல்லை. அண்ணன், 'அவரு போன் எங்க? நம்பர் ஓடுதா?' என்று கேட்டார். மகன் அந்த சிம்மை வீணாக ஏன் ரீசார்ஜ் பண்ண வேண்டும், நிறுத்திவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான்தான் விடவில்லை. மறுநாள் போனைக் கொண்டுபோனேன். பட்டன் போன், மேலே ரப்பர் பேண்ட் போட்டு மூடியை இறுக்கி வைத்திருப்பார். அந்தப் பெண் மெசேஜ்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். கேஸ் சிலிண்டர் மெசேஜ், ஆலை முதலாளி நைட் டியூட்டிக்குக் கூப்பிட்ட மெசேஜ், நான் மகள் போனிலிருந்து அனுப்பின ஒன்று. நடுவில் ஸ்பர்ஷில் இருந்து வந்தது இருந்தது, நம்பரோடு. பேங்க் மெசேஜ், ஆதார் ஓடிபி எல்லாம் இறந்தவருடைய நம்பருக்குத்தான் வரும். அதனால் பென்ஷன் வேலை முழுக்க முடிகிற வரைக்கும் சிம்மை நிறுத்தாதீர்கள், ரீசார்ஜ் போட்டு வையுங்கள். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

இன்னொன்றும் அண்ணன் அன்றைக்கே எச்சரித்தார். இறப்பைப் பதிவதற்குள் அவர் பெயரில் கணக்கில் ஏறின பென்ஷனைத் தொடாதே என்றார். இறந்த நாள் வரைக்கும்தான் அவருடைய பென்ஷன், மறுநாளில் இருந்து குடும்பப் பென்ஷன். நடுவில் கூடுதலாக வந்ததைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். செலவு பண்ணிவிட்டு அப்புறம் மொத்தமாகப் பிடித்தால் வீடு தாங்காது. அதேபோல இறந்த நாள் வரைக்கும் அவருக்குச் சேர வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், அது தானாக வராது என்றும் சொன்னார்.

தொகையைப் பற்றியும் புரியும்படி சொன்னார். சாதாரணக் குடும்பப் பென்ஷன் என்பது கடைசிச் சம்பளக் கணக்கில் 30 சதவீதம். ஆனால் ஓய்வு பெற்றவர் இறந்தால் முதலில் கொஞ்ச வருடம் 50 சதவீதம் கிடைக்கும், அவர் வாங்கின பென்ஷனைத் தாண்டாமல். இது 7 வருடம், இல்லை அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய தேதி, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைக்கும். அவர் 62இல் போனதால் எனக்கு 67 கணக்குதான். அதற்கப்புறம் 30 சதவீதத்துக்கு இறங்கும். எவ்வளவு குறைந்தாலும் அடிப்படை 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, அகவிலைப்படி தனி. அவர் பென்ஷனில் ஒரு பங்கை கம்யூட் பண்ணி, அதாவது முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்காக மனைவியின் பென்ஷனில் பிடிக்க மாட்டார்கள். இதையெல்லாம் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். எந்த வருடம் குறையும் என்று இப்போதே தெரிந்துவிட்டதால் அதற்குத் தகுந்த மாதிரி சீட்டுப் போட்டிருக்கிறேன்.

என் பக்கத்தில் கல்லல் பக்கத்தில் இருந்து வந்த ஒரு சின்னப்பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, மடியில் குழந்தை. புருஷன் டியூட்டியில் இருக்கும்போது இறந்தவர். அவளுக்குச் சாதாரணப் பென்ஷன்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பணியின் காரணமாக இறந்தது என்று ஆனால் ஸ்பெஷல் குடும்பப் பென்ஷன், 60 சதவீதம். போர், எதிரியின் தாக்குதல் என்றால் லிபரலைஸ்டு, கடைசிச் சம்பளக் கணக்கு முழுக்க. அண்ணன் அவள் வைத்திருந்த கோர்ட் ஆப் என்கொயரி (ராணுவத்தின் உள்விசாரணை) காகிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு, 'இதை இப்படியே விடக்கூடாதும்மா, அப்பீல் போடணும்' என்றார். வேறு கூட்டம் காத்திருந்தும் அவளை அவசரப்படுத்தவில்லை. நாங்களும் யாரும் முணுமுணுக்கவில்லை. இன்னொரு வயதான அம்மாவுக்கு மூளை வளர்ச்சி இல்லாத மகன். சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அம்மாவுக்குப் பிறகு ஆயுசு முழுக்கக் குடும்பப் பென்ஷன் உண்டு, அம்மா இருக்கும்போதே பிபிஓவில் அவன் பெயரை ஏற்றிவிடலாம் என்று சொன்னதும், அந்த அம்மா அழுதுவிட்டார். தனக்குப் பிறகு அவன் என்ன ஆவான் என்பதுதானே அவருக்கு இத்தனை வருடக் கவலை.

எனக்குத் தெரியாமலே இருந்த இன்னொன்று ஏ.ஜி.ஐ. என்கிற ராணுவக் குரூப் இன்சூரன்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் குறிப்பிட்ட காலம் வரைக்கும் அது நடப்பில் இருக்கும், வெளியே வரும்போதே அதற்குப் பணம் பிடித்திருப்பார்கள். அவருடைய டிஸ்சார்ஜ் காகிதங்களுக்கு நடுவில் அந்தச் சான்றிதழ் மடங்கிக் கிடந்தது, நான் ஏதோ பழைய ரசீது என்று நினைத்திருந்தேன். அண்ணன்தான் எடுத்துக் காட்டி, காலம் முடியவில்லை என்று சொல்லி விண்ணப்பம் போட வைத்தார். மிலிட்டரிக்காரர் வீட்டில் எந்தக் காகிதத்தையும் கிழிக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள்.

குறைகளுக்கு வருகிறேன். மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டிவலிக்காரர்களும் எண்பது வயதுக்காரர்களும் வருகிற இடம் இப்படி இருக்கக்கூடாது. நான் போனபோது ஒரு பாட்டியைப் பேரன் தூக்கிக்கொண்டு ஏறினான். கீழே ஜெராக்ஸ் கடையில் ஒரு நாற்காலி போட்டு, வயதானவர்களுக்கு அங்கேயே வந்து பார்க்கலாம். சொன்னேன், செய்கிறேன் என்றார், இதை எழுதுகிற வரைக்கும் செய்யவில்லை. பெண்கள் ஒதுங்க பாத்ரூம் இல்லை, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போக வேண்டும். பள்ளத்தூர், கண்டனூர் என்று பஸ் பிடித்து வந்து மூன்று மணி நேரம் காத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய அவஸ்தை.

அப்புறம் அண்ணனுக்குக் குரல் பெரிசு. பாஸ்புக்கில் இருக்கிற தொகை, வீட்டுச் சண்டை, இரண்டாம் தாரம் இருக்கிறதா என்ற கேள்வி, எல்லாம் பெஞ்சு முழுக்கக் கேட்கிறது. அவர் தப்பாக நினைத்துப் பேசவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் ஊர்க்காரர் ஒருத்தர் பெஞ்சில் இருந்தால் நமக்குப் பேச்சே வராது. அந்த மாதிரி விஷயம் இருந்தால் அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அவள் நாற்காலியை நம் பக்கத்தில் இழுத்துப் போட்டு மெதுவாகக் கேட்பாள். திங்கட்கிழமையும் மாதக் கடைசியும் கூட்டம் தாங்காது. நவம்பரில் லைப் சர்டிபிகேட்டுக்கு வருகிறவர்கள் படி வரைக்கும் நிற்பார்கள். அதற்கு மட்டும் என்றால் இங்கே வர வேண்டும் என்பதே இல்லை, போஸ்ட்மேனிடம் சொன்னால் வீட்டுக்கே வந்து 70 ரூபாயில் எடுத்துக் கொடுப்பார்.

ரேகை விஷயம் ஒன்று. எனக்கு ஊசி குத்திக் குத்தி விரல் நுனி தேய்ந்துபோய் மெஷினில் ரேகை விழவில்லை. ஈரத்துணியில் துடைத்து, விரல் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் கடைசியில் போன் கேமராவில் முகத்தை வைத்து எடுத்துவிட்டாள். ரேகை விழாது என்று பயந்து வராமல் இருக்கிற அம்மாக்கள் இருந்தால் சொல்லுங்கள், முகம் காட்டினால் போதும்.

பணம் வந்த அன்றைக்கு, அரியரோடு சேர்த்து வந்தது, மெசேஜ் பார்த்ததும் அண்ணனுக்குத்தான் முதலில் போன் பண்ணினேன். 'எவ்வளவு வந்திருக்கு, சொல்லுங்க, கணக்குப் பாப்போம்' என்று கேட்டு, எழுதி வைத்த தேதியில் இருந்து மாதக்கணக்குப் போட்டு, சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் வாழ்த்தினார். அதில் இருந்து ஒரு பைசா எதிர்பார்க்கவில்லை. கொப்புடையம்மன் கோயிலில் அர்ச்சனை பண்ணிவிட்டு அரைக்கிலோ இனிப்பு வாங்கிப் போனேன், பெஞ்சில் இருந்தவர்களுக்கே பிரித்துக் கொடுத்துவிட்டார்.

போகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பழையது, திருத்தினது எல்லாமே), இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான், உங்கள் பெயரில் இருக்கிற பாஸ்புக், பள்ளிக்கூடச் சான்றிதழ் இருந்தால் அதுவும், போட்டோ, அவருடைய போன். மனைவி பெயர் பிபிஓவில் சரியாக இருந்தால் குடும்பப் பென்ஷனுக்கு வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டாம், அண்ணனிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள். ஒரிஜினலை அவர் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டார், பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். யாராவது போன் பண்ணி ஸ்பர்ஷில் இருந்து பேசுகிறோம், ஓடிபி சொல்லுங்கள், இல்லையென்றால் பென்ஷன் நின்றுவிடும் என்றால் கட் பண்ணிவிடுங்கள். எனக்கே அப்படி வந்தது.

காலையில் ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள். மதியம் ஒன்றரைக்கு மூடி நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள், சனிக்கிழமை மதியம் வரைக்கும்தான். எனக்கு ஈ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டக் கார்டை என் பெயருக்கு மாற்றுகிற வேலையும், சிவகங்கையில் விதவை அடையாள அட்டை வாங்குகிற வேலையும் இன்னும் பாக்கி. இரண்டுக்கும் காகிதத்தை அங்கேதான் கொடுத்திருக்கிறேன், வந்ததும் அதையும் எழுதுகிறேன்.